காட்டெருமைக் காசு தந்த சிற்பி



விளையாட்டில் யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்ய, காசைச் சுண்டிவிட்டு 'பூவா, தலையா' கேட்பீர்கள் அல்லவா? அந்தக் காசில் இருக்கும் உருவத்தைச் செதுக்கியவர் யார் என்று என்றாவது யோசித்தது உண்டா? பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. கோடிக்கணக்கான கைகளில் புழங்கும் சிற்பம் அது. ஆனால், அதைச் செய்தவரின் பெயர் நமக்குத் தெரியாது!

அமெரிக்காவில் ஒரு பழைய காசு உண்டு. அதன் தலைப் பக்கத்தில் ஒரு பழங்குடி வீரரின் முகம். பூப் பக்கத்தில் பூவுக்குப் பதிலாக ஒரு காட்டெருமை! ஐந்து சென்ட் மதிப்புள்ள அந்தக் காசை 'பஃபலோ நிக்கல்' என்பார்கள். உலகெங்கும் நாணயம் சேகரிப்பவர்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஏர்ல் பிரேசர் என்ற சிற்பி. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

புல்வெளியில் ஒரு சிறுவன்

பிரேசர் 1876-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள வினோனா என்ற ஊரில் பிறந்தார். அப்பா தாமஸ் பிரேசர், ரயில்வே நிறுவனங்களில் பணிபுரிந்த பொறியாளர்.

அது அமெரிக்க வரலாற்றில் கொந்தளிப்பான காலம். கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வெள்ளையர்கள் குடியேறிக்கொண்டே இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்துவந்த பழங்குடி மக்களோ நிலத்தை இழந்து, மேலும் மேலும் மேற்கே விரட்டப்பட்டார்கள். 1876 ஜூன் மாதம் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் பழங்குடிப் படைகளுக்கும் அமெரிக்கக் குதிரைப் படைக்கும் பெரிய போர் மூண்டது. அதில் பழங்குடிகள் வென்றார்கள். தளபதி கஸ்டரும் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களும் மாண்டார்கள். அவர்களுடைய உடல்களைச் சேகரிக்க அனுப்பப்பட்ட குழுவில் பிரேசரின் அப்பாவும் ஒருவர். அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் நம் பிரேசர் பிறந்தார். இந்த லிட்டில் பிக்ஹார்ன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்!

அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் டகோட்டா பகுதிக்குக் குடிபெயர்ந்தது. மிட்செல் என்ற ஊருக்கு அருகே, பரந்த புல்வெளியில் பிரேசர் வளர்ந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல் குவாரி இருந்தது. அங்கே கிடைத்த மென்மையான சுண்ணாம்புக்கல் துண்டுகளைக் கத்தியால் செதுக்கிப் பொம்மைகள் செய்வான் அந்தச் சிறுவன். அதுதான் அவனுடைய முதல் சிற்பப் பள்ளி!

பழங்குடி மக்களையும் அவன் அருகில் பார்த்தான். அவர்கள் தங்கள் இடத்தை விட்டு விரட்டப்படுவதையும் பார்த்தான். இவர்களை ஒருநாள் பசிபிக் கடலுக்குள்ளேயே தள்ளிவிடுவார்கள் என்று ஒரு வயதான வேட்டைக்காரர் சொன்னது அவன் மனதில் முள்ளாகத் தைத்தது.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் அந்தப் புல்வெளிகளில் கோடிக்கணக்கான காட்டெருமைகள் மேய்ந்தன. பழங்குடிகளுக்கு உணவு, உடை, கூடாரம் எல்லாமே அந்த விலங்கிலிருந்துதான் கிடைத்தன. ரயில் பாதை வந்ததும் துப்பாக்கியோடு வேட்டைக்காரர்களும் வந்தார்கள். தோலுக்காக லட்சம் லட்சமாகச் சுட்டுத் தள்ளினார்கள். 1889-ஆம் ஆண்டில் கணக்கெடுத்தபோது, வட அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியிருந்தவை ஏறக்குறைய ஆயிரம்தான்! கோடிகள் எங்கே, ஆயிரம் எங்கே!

பதினேழு வயதுச் சிற்பி

பிரேசர் பெரிய சிற்பியாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். சிகாகோ நகரக் கலைப் பள்ளியில் சேர்ந்து படித்தார். 1893-ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த மாபெரும் உலகக் கண்காட்சிக்காகச் சிற்பம் செய்யும் பணியில் உதவியாளராகவும் இருந்தார்.

ஏறக்குறைய அந்த நேரத்தில், பதினேழு வயதில், அவர் ஒரு மாதிரிச் சிலை செய்தார். களைத்துப்போன குதிரை ஒன்று தலை குனிந்து நிற்கிறது. அதன் மேல் ஒரு பழங்குடி வீரர். அவர் முதுகு வளைந்திருக்கிறது. கையில் உள்ள ஈட்டி தரையை நோக்கித் தொங்குகிறது. இனிப் போக இடமில்லை என்று சொல்வதுபோல் இருக்கும் அந்தச் சிலைக்கு 'பாதையின் முடிவு' என்று பெயர் வைத்தார். வேட்டைக்காரர் சொன்ன சொல் அவர் கையில் சிலையாகிவிட்டது!

பிறகு பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகருக்குப் படிக்கச் சென்றார். அங்கே அவரது திறமையைக் கண்ட புகழ்பெற்ற அமெரிக்கச் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ், அவரைத் தன் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவின் அழகான தங்கக் காசுகள் சிலவற்றை வடிவமைத்தவர் இந்த செயின்ட் காடன்ஸ். குருவிடம் கற்ற வித்தை சீடருக்கு விரைவிலேயே கைகொடுத்தது.

ஒரு மகனின் கடிதம்

1911-ஆம் ஆண்டு. அப்போது அமெரிக்க நிதித்துறைச் செயலாளராக இருந்தவர் பிராங்க்ளின் மக்வே. அவருடைய மகன் ஈம்ஸ், அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்து சென்ட் காசை மாற்றுவதற்கு நல்ல தருணம் இது, எல்லார் கையிலும் புழங்கும் காசு அழகாக இருக்க வேண்டாமா என்பது அந்தக் கடிதத்தின் சாரம். அப்போது புழக்கத்தில் இருந்த ஐந்து சென்ட், 1883 முதல் மாறாமல் இருந்த பழைய வடிவம். ஒரு வடிவம் 25 ஆண்டுகள் புழங்கிவிட்டால் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அதை மாற்றலாம் என்பது அங்கே சட்டம்.

இந்த வாய்ப்பு பிரேசரைத் தேடி வந்தது. என்ன உருவம் வைக்கலாம்? வேறு எந்த நாட்டுக் காசோடும் குழப்பிக்கொள்ள முடியாத, முழுக்க முழுக்க அமெரிக்க மண்ணுக்கே உரிய காசாக அது இருக்க வேண்டும் என்று நினைத்தார். டகோட்டா புல்வெளி அவர் கண்முன் வந்தது. ஒரு பக்கம் பழங்குடி வீரர், மறுபக்கம் காட்டெருமை என்று முடிவு செய்தார்.

அந்த முகம் ஒரே மனிதருடையது அல்ல. பலருடைய முகங்களைப் பார்த்து ஒன்றாக்கியது. அவர்களில் ஒருவர் லகோட்டா இனத்தைச் சேர்ந்த அயர்ன் டெயில். இன்னொருவர் செயென் இனத் தலைவர் டூ மூன்ஸ். இந்த டூ மூன்ஸ் யார் தெரியுமா? லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டரின் படையை எதிர்த்துப் போரிட்டவர்! அப்பா யாருடைய உடல்களைச் சேகரிக்கப் போனாரோ, அவர்களை எதிர்த்து நின்றவரின் முகத்தை மகன் காசில் செதுக்கினார். பகையை அவர் பார்க்கவில்லை. அந்த முகத்தில் இருந்த கம்பீரத்தைத்தான் பார்த்தார்.

இழுபறி

மாதிரி தயாரானதும் வேலை முடிந்துவிடவில்லை. அந்தக் காலத்திலேயே, காசு போட்டால் பொருள் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. கள்ளக் காசைக் கண்டுபிடிக்கும் கருவி செய்ததாகச் சொன்ன ஒரு நிறுவனம், புதிய காசு எங்கள் கருவிக்குள் சரியாகப் போகாது, மாற்றிச் செய்யுங்கள் என்று கேட்டது. பிரேசர் பொறுமையாகத் திருத்தினார். மீண்டும் மாற்றம் கேட்டார்கள். இப்படியே மாதங்கள் ஓடின. கடைசியில், 1913 பிப்ரவரியில், ஒரு நிறுவனத்துக்காக ஒரு நல்ல காசைக் கெடுக்க வேண்டாம் என்று மக்வே முடிவெடுத்தார். காசு அடிக்கும் வேலை தொடங்கியது.

1913 பிப்ரவரி 22. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், பழங்குடி மக்களுக்கு ஒரு பிரம்மாண்ட நினைவுச் சின்னம் கட்டத் தொடக்க விழா நடந்தது. குடியரசுத் தலைவர் டாஃப்ட் வந்திருந்தார். பழங்குடித் தலைவர்கள் பலரும் வந்திருந்தார்கள். அந்த விழாவில்தான் புதிய காசு முதன்முதலாக அவர்கள் கைகளில் வழங்கப்பட்டது.

ஆனால், அந்த நினைவுச் சின்னம் கடைசிவரை கட்டப்படவே இல்லை! காசில் முகம் இடம்பெற்றுவிட்டது. அந்த மக்கள் எல்லோருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கவோ 1924-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவரைப் படமாக வைத்துப் பெருமைப்படுத்துவது எளிது. உரிமை கொடுப்பதுதான் கடினம் போலும்!

தேய்ந்துபோன தேதி

புதிய காசு 5 கிராம் எடை. முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். அதனால்தான் ஐந்து சென்ட் காசுக்கு 'நிக்கல்' என்ற பெயர்.

அழகான காசுதான். ஆனால், அதில் ஒரு குறை இருந்தது. காட்டெருமை நிற்கும் மேட்டின் மீது 'ஐந்து சென்ட்' என்ற எழுத்துகள் புடைப்பாக இருந்தன. கைமாறிக் கைமாறி அவை சீக்கிரமே தேயும் என்று தெரிந்தது. எனவே அதே ஆண்டிலேயே மேட்டை எடுத்துவிட்டு, ஒரு கோட்டுக்குக் கீழே சற்றுப் பள்ளத்தில் எழுத்துகளை வைத்தார்கள். அதனால் 1913-ஆம் ஆண்டுக் காசில் மேடு உள்ளது, கோடு உள்ளது என இரண்டு வகைகள் உண்டு.

அதே குறை காசின் மறுபக்கத்திலும் இருந்தது. அதை யாரும் சரிசெய்யவில்லை! ஆண்டைக் குறிக்கும் எண், பழங்குடி வீரரின் தோளில், புடைப்பான இடத்தில் இருந்தது. காசு தேயும்போது முதலில் அழிவது அந்த எண்தான். இன்றைக்கும் எந்த ஆண்டுக் காசு என்றே தெரியாத பஃபலோ நிக்கல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. சிலர் அமிலம் போன்ற ரசாயனத்தைத் தடவி அழிந்த எண்ணை வெளியே கொண்டுவருவார்கள். எண் மங்கலாகத் தெரியும். ஆனால் காசில் கறை விழுந்துவிடும், மதிப்பும் குறைந்துவிடும்.

கொம்பைப் பார், தரத்தைச் சொல்!

நாணயம் சேகரிப்பவர்கள் ஒரு காசைக் கையில் எடுத்ததும் பார்ப்பது இரண்டு விஷயங்களை. ஒன்று, அது எவ்வளவு அரிது? இரண்டு, அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது? தேய்மானத்தைப் பார்த்துத் தரம் சொல்வது தனிக் கலை.

அமெரிக்காவில் இதற்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 1949-ஆம் ஆண்டு வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய ஒரு சென்ட் காசுகளுக்காக உருவாக்கிய முறை இது. பிறகு மற்றக் காசுகளுக்கும் பரவியது. 70 என்றால், உருப்பெருக்கியில் பார்த்தாலும் ஒரு குறையும் தெரியாத காசு. உங்கள் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்குவதுபோல!

பஃபலோ நிக்கலுக்குத் தரம் சொல்ல ஒரு சுலபமான வழி உண்டு. காட்டெருமையின் கொம்பைப் பார்க்க வேண்டும். கொம்பு ஏறக்குறைய அழிந்து, ஆண்டு எண் மட்டும் படிக்க முடிந்தால் 4 மதிப்பெண். இந்தத் தரத்தின் பெயர் 'குட்'. பெயர்தான் 'நன்று', உண்மையில் நன்றாகத் தேய்ந்த காசு! பாதிக் கொம்பு தெரிந்தால் 8. முக்கால் கொம்பு தெரிந்தால் 12. நுனி சற்றுத் தேய்ந்திருந்தாலும் முழுக் கொம்பும் தெரிந்தால் 20. கொம்பு நுனிவரை கூர்மையாக இருந்தால் 40. வீரரின் கன்னத்திலும் எருமையின் இடுப்பிலும் மட்டும் லேசான தேய்மானம் இருந்தால் 50-க்கு மேல். புழக்கத்துக்கே போகாமல், தேய்மானமே இல்லாமல் இருந்தால் 60 முதல் 70 வரை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில ஆண்டுகளில் காசு அடிக்கும்போதே அச்சு சரியாகப் பதியவில்லை. அதனால் புத்தம் புதுக் காசிலும் எருமையின் தலை மங்கலாக இருக்கும். தேய்ந்ததால் மங்கியதா, பிறக்கும்போதே மங்கலா என்று கண்டுபிடிக்கக் கூர்மையான கண்ணும் நல்ல அனுபவமும் வேண்டும்.

மூன்று கால் எருமை

எது அரிய காசு? குறைவாக அடிக்கப்பட்ட காசு அரிது. 1926-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அடித்த பஃபலோ நிக்கல்கள் 9,70,000 மட்டுமே. இந்த வகையில் பத்து லட்சத்துக்கும் குறைவாக வந்தது அது ஒன்றுதான். காசின் பின்பக்கத்தில், 'ஐந்து சென்ட்' என்ற எழுத்துகளுக்குக் கீழே உள்ள சின்ன 'எஸ்' எழுத்தே சான்பிரான்சிஸ்கோவின் அடையாளம். 'டி' என்றால் டென்வர் நகரம்.

தவறாக அடிக்கப்பட்டதும் அரிய காசாகிவிடும். 1937-ஆம் ஆண்டு டென்வர் நாணயச்சாலையில் ஓர் அச்சில் கீறல்கள் விழுந்திருந்தன. அவற்றைப் போக்க ஊழியர் ஒருவர் அச்சைத் தேய்த்தார். கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துவிட்டார்! கீறலோடு சேர்ந்து எருமையின் முன்னங்கால் ஒன்றும் காணாமல் போனது. அந்த அச்சில் அடித்த காசுகளில் எருமை மூன்று கால்களோடுதான் நிற்கிறது!

இன்று அதற்கு மதிப்பு அதிகம். அதனால் மோசடிக்காரர்கள் சாதாரணக் காசில் ஒரு காலைச் சுரண்டி எடுத்துவிட்டு ஏமாற்றப் பார்ப்பார்கள். ஆனால், உண்மையான மூன்று கால் காசில் எருமையின் வயிற்றுக்குக் கீழே சிறு புள்ளிகள் வரிசையாக இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் காலைத் தேடும் முன் அந்தப் புள்ளிகளைத்தான் தேடுவார்கள்.

சேற்றில் கிடந்த சிலை

பிரேசரின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1913-ஆம் ஆண்டு அவர் லாரா கார்டின் என்ற சிற்பியை மணந்தார். லாராவும் சாதனையாளர். 1921-ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் நினைவாக வெளிவந்த அரை டாலர் நாணயத்தை வடிவமைத்தவர் அவர். அமெரிக்க நாணயம் ஒன்றை வடிவமைத்த முதல் பெண் அவரே! 1926-இல் கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சேர்ந்து ஓர் அரை டாலர் நாணயத்தை உருவாக்கினார்கள்.

பதினேழு வயதில் செய்த 'பாதையின் முடிவு' சிலை நினைவிருக்கிறதா? 1915-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் அதைப் பல அடி உயரத்தில், சாந்தில் செய்து வைத்தார். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். படங்களாகவும் சிறு பொம்மைகளாகவும் நாடெங்கும் அது விற்பனையானது. ஆனால், பிரேசர் காப்புரிமை பெறவில்லை. அதனால் விற்பனையில் அவருக்குப் பெரிய வருமானம் கிடைக்கவில்லை. பசிபிக் கடலைப் பார்த்தபடி அந்தச் சிலையை வெண்கலத்தில் நிறுவ வேண்டும் என்ற அவரது கனவும் நிறைவேறவில்லை. முதல் உலகப் போர் வந்ததால் உலோகத் தட்டுப்பாடு!

கண்காட்சி முடிந்ததும் சிலையைச் சேற்றில் தள்ளிவிட்டார்கள். 1919-இல் கலிபோர்னியாவின் விசாலியா ஊர்க்காரர்கள் அதை மீட்டுத் தங்கள் பூங்காவில் வைத்தார்கள். வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் நின்ற அந்தச் சிலை, 1968-இல் ஓக்லஹோமா நகர அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அங்கே அதைப் பழுதுபார்த்துப் பாதுகாத்தார்கள். இன்றும் அங்கே பார்க்கலாம்.

பிரேசர் இன்னும் பல பணிகள் செய்தார். அமெரிக்க உச்ச நீதிமன்ற வாசலில் இரு பக்கமும் அமர்ந்திருக்கும் பெரிய சிலைகள் அவர் செய்தவையே. நியூயார்க்கில் அவர் செய்த தியோடர் ரூஸ்வெல்ட் சிலை 1940-இல் திறக்கப்பட்டது. அதில் ரூஸ்வெல்ட் குதிரையில் இருக்க, ஒரு பழங்குடியும் ஓர் ஆப்பிரிக்கரும் இரு பக்கமும் நடந்துவருவார்கள். அவர்களைத் தாழ்த்திக் காட்டுகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால் 2022-ஆம் ஆண்டு அந்தச் சிலை அகற்றப்பட்டது. பெரிய கலைஞர்களின் வேலையையும் காலம் மறுபடி எடைபோடும், குழந்தைகளே!

பஃபலோ நிக்கல் 1938-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. பிரேசர் 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி, தமது 76-ஆம் வயதில் காலமானார்.

அழியவில்லை!

பழங்குடி மக்களும் காட்டெருமையும் அழிந்துவிடுவார்கள் என்றே அன்று பலரும் நினைத்தார்கள். 'பாதையின் முடிவு' என்ற பெயரிலும் அந்தப் பயம்தான் இருக்கிறது. ஆனால், அப்படி நடக்கவில்லை!

1907-ஆம் ஆண்டு நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து 15 காட்டெருமைகளை ரயிலில் ஏற்றி ஓக்லஹோமா புல்வெளிக்கு அனுப்பினார்கள். எந்த ரயில் அவற்றின் அழிவுக்கு வழி செய்ததோ, அதே ரயில் அவற்றை வீட்டுக்கு அழைத்துச் சென்றது. இதுபோன்ற பலருடைய முயற்சியால் இன்று அவை லட்சக்கணக்கில் இருக்கின்றன. 2016-இல் காட்டெருமை அமெரிக்காவின் தேசியப் பாலூட்டியாக அறிவிக்கப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பழங்குடி இனங்கள் தங்கள் பெயரோடும் பண்பாட்டோடும் இன்று அங்கே வாழ்கின்றன. பிரேசரின் வடிவமும் திரும்பி வந்தது. 2001-இல் வெள்ளி டாலராகவும் 2006 முதல் தங்க நாணயமாகவும் அது மறுபிறவி எடுத்தது.

பழைய பஃபலோ நிக்கலில் தோளில் உள்ள ஆண்டு எண்ணுக்குக் கீழே சின்னதாக ஓர் 'எஃப்' எழுத்து இருக்கும். பிரேசர் தம் பெயருக்காக எடுத்துக்கொண்ட இடம் அவ்வளவுதான். மற்ற இடத்தையெல்லாம் அந்த மனிதர்களுக்கும் அந்த விலங்குக்கும் கொடுத்துவிட்டார்.

இனி ஒரு பழைய காசு கையில் கிடைத்தால், எவ்வளவுக்கு விற்கும் என்று மட்டும் பார்க்காதீர்கள். அதில் யாருடைய முகம் இருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது, எது மிஞ்சியிருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். ஒரு வரலாற்றுப் பாடமே அதற்குள் இருக்கலாம்!

நாணயம் சேகரிக்கும் குட்டிகளுக்கு...

* காசை விளிம்பில் பிடியுங்கள். விரல் வியர்வை பட்டால் கறை விழும்.

* பளபளப்பாக்குவதற்காகப் புளியோ, சாம்பலோ போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசுக்கு மதிப்புக் குறைவு.

* ஒவ்வொரு காசும் எந்த நாடு, எந்த ஆண்டு, யார் தந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

* ரசாயனம் எதையும் காசில் தடவிப் பார்க்காதீர்கள். காசும் கெடும், கையும் கெடும்!